ஏழு மீன்கள் மூன்றான கதை

திங்கட்கிழமை காலை ஏழு மணி. அறிவியல் கூடத்தின் கதவைத் திறந்ததும் படிவம் இரண்டு மாணவி ஒருத்தி வழக்கம்போல மீன்தொட்டியின் முன் நின்று எண்ணத் தொடங்கினாள். ஒருமுறை எண்ணினாள். பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மறுபடியும் எண்ணினாள். பிறகு என் மேசைக்கு வந்து, "டீச்சர், இன்னும் ஒன்னு கொறையுது" என்றாள்.

அது மூன்றாவது மீன். ஏழு மீன்களோடு தொடங்கிய கூட்டத்தில் இப்போது நான்குதான் இருந்தன. செத்த மீனின் உடலும் இல்லை. ஒரு செதில்கூட இல்லை. மற்ற மீன்கள் எதுவும் நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தன.

மாணவர்களே, கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. கூட்டமாக வாழும் சிறு மீன்களை ஆசையோடு வாங்கி விடுவார்கள். சில வாரங்கள் நன்றாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். காரணம் புரியாது. எங்கள் பள்ளியில் நடந்த அந்த மர்மத்தை எப்படித் துப்பறிந்தோம் என்பதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். துப்பறிந்த வழியில் நானே ஒரு பெரிய தவறும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தொட்டியும் அதன் குடிகளும்

எங்கள் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 182 லிட்டர். அறிவியல் கழக மாணவர்கள் பள்ளி விற்பனை நாளில் நாசி லெமாக் விற்றுச் சேர்த்த பணத்தில், ஒன்று 15 ரிங்கிட் என ஏழு பச்சைக் குரோமிஸ் மீன்களை வாங்கினோம். 105 ரிங்கிட். மாணவர்களுக்கு அது சிறிய தொகை அல்ல. தொட்டியில் ஏற்கெனவே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு துறவி நண்டு, கடற்பாறைத் துண்டுகள் சில இருந்தன. துறவி நண்டு என்பது காலியான சங்குக்குள் குடியிருக்கும் நண்டு.

பச்சைக் குரோமிஸின் அறிவியல் பெயர் குரோமிஸ் விரிடிஸ். 'விரிடிஸ்' என்றால் இலத்தீன் மொழியில் பச்சை. வெளிச்சம் படும் கோணத்திற்கேற்பப் பச்சையாகவும் நீலமாகவும் மின்னும். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் உள்ள பவளப்பாறைகளில் கிளை கிளையாக வளரும் பவளங்களுக்கு மேலே நூற்றுக்கணக்கில் கூடி, நீரோட்டத்தில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். பெரிய மீன் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையும் பவளக் கிளைகளுக்குள் புகுந்துவிடும். கோமாளி மீனும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் குணத்தைக் கடைசியில் பார்க்கப் போகிறோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் கோமாளி மீன்களில் பல, பண்ணையில் பிறந்தவை. குரோமிஸ் அப்படியல்ல. பெரும்பாலும் கடலிலிருந்தே பிடித்து வரப்படுகின்றன. எனவே தொட்டியில் ஒன்று இறந்தால், பவளப்பாறையிலிருந்து ஒன்று குறைந்தது என்று பொருள். 15 ரிங்கிட் நட்டத்தைவிட இது பெரியது.

யார் மேல் பழி?

முதல் மூன்று வாரங்கள் ஏழும் ஒன்றாகவே திரிந்தன. நான்காவது வாரம் திங்கட்கிழமை ஆறு. ஆறாவது வாரம் திங்கட்கிழமை ஐந்து. ஏழாவது வாரம் திங்கட்கிழமை நான்கு.

திங்கட்கிழமை உணவு போடும் முறை அந்த மாணவியுடையது. வகுப்பில் பேசாத பிள்ளை. கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். மூன்றாவது மீன் போன அன்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "திங்கக்கெழம இவ டியூட்டினாலே ஒன்னு போயிடுது டீச்சர்." சிலர் சிரித்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள்.

நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? ஆதாரம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "உணவை அதிகமாகப் போடுகிறாயா? மூடியைச் சரியாக மூடினாயா?" என்று அவளைத்தான் கேட்டேன். அடுத்த வாரம் அவள் முறையை வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்றும் சொன்னேன். அறிவியல் ஆசிரியை நான். ஆனால் அன்று செய்தது அறிவியல் அல்ல. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் வெண்பலகையில் 'சந்தேகப் பட்டியல்' என்று எழுதி, முறைப்படி தொடங்கினோம்.

முதல் சந்தேகம்: தண்ணீர்

மீன்தொட்டியில் எது நடந்தாலும் முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். பாறையிலும் வடிகட்டியிலும் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நச்சு. நைட்ரேட்டு அவற்றைவிடப் பலமடங்கு தீங்கு குறைந்தது.

கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியா கூடுதல் ஆபத்து. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்போது தீங்கு குறைவு. அம்மோனியா மூலக்கூறாக இருக்கும்போது செவுளைத் தாண்டி எளிதில் உள்ளே புகும். பி.எச். மதிப்பு ஓர் அலகு உயர்ந்தால் அந்த நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7 என்றால், கடல்நீர்த் தொட்டியில் 8.1 முதல் 8.4 வரை இருக்கும். கணக்கு உங்களுக்கே புரியும்.

சோதித்தோம். அம்மோனியா சுழியம். நைட்ரைட்டு சுழியம். பி.எச். 8.2. உப்பு ஒரு கிலோகிராம் நீரில் 35 கிராம். இயற்கைக் கடலைப் போலவே. சோதனைத் திரவம் காலாவதியாகி இருக்கலாமோ என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி! அம்மோனியா கலந்த நீரை வேண்டுமென்றே ஒரு குழாயில் எடுத்துச் சோதித்தோம். நிறம் மாறியது. திரவம் வேலை செய்கிறது.

எண்களைவிடவும் முக்கியமான ஒரு வாதம் உண்டு. தண்ணீர் கெட்டால் அது எல்லா மீன்களையும் தாக்கும். கோமாளி மீன்களும் துவளும். ஒரே நாளில் பல சாகும். வாரத்திற்கு ஒன்று, அதுவும் ஒரே இனத்தில் மட்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொல்லத் தண்ணீருக்குத் தெரியாது.

இரண்டாவது சந்தேகம்: ஆக்சிஜன்

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். உப்பு நீரில் இன்னும் குறைவு. 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 6.7 மில்லிகிராம் மட்டுமே. 30 பாகையில் அது 6.2 ஆகிவிடும். வார இறுதியில் எங்கள் கூடத்தின் சன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும். உள்ளே அனல் அடிக்கும். ஒரு சனிக்கிழமை நண்பகலில் நான் போய் அளந்தபோது தொட்டி நீர் 30.5 பாகை.

இது கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் வேகமாக அடிக்கும். அன்று அப்படி எதுவும் இல்லை. காற்றுக்குழாய் நன்றாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மட்டும் காரணம் என்றால் மற்ற மீன்களும் திணறியிருக்க வேண்டும். அதனால் பட்டியலில் அதை அடிக்கவில்லை. 'துணைக் காரணமாக இருக்கலாம்' என்று குறித்துக்கொண்டோம்.

மூன்றாவது சந்தேகம்: துள்ளி விழுந்தனவா?

துரத்தப்படும் மீனும் பயந்த மீனும் துள்ளும். கம்பி நுழையும் சிறு இடைவெளி போதும், வெளியே விழுந்துவிடும். அலமாரிகளை நகர்த்தித் தரையைப் பெருக்கினோம். ஒரு பழைய அழிப்பானும் இரண்டு பேனா மூடிகளும் கிடைத்தன. மீன் இல்லை. எறும்பு வரிசையும் இல்லை. நம் நாட்டில் தரையில் ஒரு மீன் விழுந்து கிடந்தால், மனிதர்களுக்கு முன்பே எறும்புகளுக்குச் செய்தி போய்விடும்! ஆயினும் மூடியின் இடைவெளியை வலைத்துணியால் அடைத்தோம். அந்த மாணவி மூடியைச் சரியாகத்தான் மூடியிருந்தாள் என்பதும் அன்று உறுதியானது.

நான்காவது சந்தேகம்: நோய்

குரோமிஸ் மீன்களை அடிக்கடி தாக்கும் ஓர் ஒட்டுண்ணி உண்டு. பெயர் யூரோநீமா மரைனம். பாடத்தில் பாரமீசியம் படித்திருப்பீர்களே, அதைப்போல உடலெங்கும் குறுஇழைகளை அசைத்து நீந்தும் ஒற்றைச்செல் உயிர். சாதாரணமாக பாக்டீரியாவையும் அழுகிய பொருளையும் தின்று தனியே வாழும். மீன் அடிபட்டு அல்லது களைத்துப் பலவீனமாக இருந்தால் அதன் தோலுக்குள்ளும் தசைக்குள்ளும் புகுந்துவிடும். மீனின் பக்கவாட்டில் சிவந்த புண் தோன்றும். பல நேரங்களில் சில நாட்களிலேயே மீன் இறந்துபோகும்.

வெண்புள்ளி நோயும் உண்டு. அது வந்தால் உப்புத்தூள் தூவியதுபோல உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கோமாளி மீன்களுக்கும் தொற்றும்.

எங்கள் நான்கு மீன்களையும் மாணவர்கள் முறைபோட்டு உற்றுப் பார்த்தார்கள். சிவந்த புண் இல்லை. வெள்ளைப் புள்ளி இல்லை. ஆனால் படிவம் மூன்று மாணவன் ஒருவன் வேறொன்றைக் கண்டுபிடித்தான். "டீச்சர், இந்தச் சின்ன மீனோட வால் ஓரம் கிழிஞ்சிருக்கு. வயிறும் ஒட்டிப்போயிருக்கு." மற்ற மூன்றின் வயிறும் உருண்டையாக இருந்தது. அது மட்டும் மெலிந்து, நீரேற்றக் குழாயின் பின்னால் மூலையில் ஒதுங்கி நின்றது. அப்போது அதன் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

குறிப்பேடு சொன்ன உண்மை

குறிப்பேடு என்றதும் நினைவுக்கு வருகிறது. தொட்டி வைத்த நாளிலிருந்து ஒரு குறிப்பேடு உண்டு. உணவு போடும் மாணவர் தினமும் அதில் எழுத வேண்டும். அதை எடுத்துப் புரட்டினேன். மூன்று மீன்களும் குறைந்ததாகப் பதிவானது திங்கட்கிழமைகளில்தான். 'அப்படியானால் வார இறுதியில்தான் சாகின்றன' என்று முடிவு கட்டிவிட்டேன். வகுப்பிலும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பக்கங்களை மீண்டும் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. செவ்வாய் முதல் வெள்ளி வரை எல்லா வரிகளிலும் ஒரே வாசகம்: 'உணவு போட்டேன்'. திங்கட்கிழமை வரிகளில் மட்டும் 'உணவு போட்டேன். குரோமிஸ் 7, கோமாளி 2, நண்டு 1' என்று எண்ணிக்கை இருந்தது. அந்த மாணவியைத் தவிர வேறு யாரும் மீன்களை எண்ணவே இல்லை!

இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மீன் புதன்கிழமை செத்திருந்தாலும் அது திங்கட்கிழமைதான் தெரியவரும். ஏனென்றால் அன்றுதான் ஒருவர் எண்ணுகிறார். 'திங்கட்கிழமை மீன் குறைகிறது' என்பது மீனைப் பற்றிய உண்மை அல்ல; எண்ணுகிறவரைப் பற்றிய உண்மை. அளக்கும் முறையே ஒரு போலிக் கோலத்தை உண்டாக்கிவிடும். ஆராய்ச்சியாளர்கள் மிகவும் அஞ்சும் தவறுகளில் இதுவும் ஒன்று.

அவளை அழைத்து, "ஏன் எண்ணினாய்? நான் எண்ணச் சொல்லவில்லையே" என்று கேட்டேன். "எண்ணாட்டி எல்லாம் இருக்கான்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்றாள்.

பொறுப்பில்லாதவள் என்று நாங்கள் நினைத்த பிள்ளை, எங்களில் மிகுந்த பொறுப்புள்ளவள். கெட்ட செய்தியை எப்போதும் அவளே கொண்டுவந்ததற்குக் காரணம், மற்ற யாரும் பார்க்கவில்லை என்பதுதான். அன்றே வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்வரிசைக் குரலுக்கு உரியவனும் எழுந்து நின்று கேட்டான். அன்று முதல் காலை ஒருமுறை, பள்ளி முடியும்போது ஒருமுறை, யார் முறையாக இருந்தாலும் எண்ண வேண்டும் என்று விதி வைத்தோம். எப்படி எண்ணுவது என்று அவள்தான் கற்றுக்கொடுத்தாள்: உணவு போடும்போது எண்ண வேண்டும், அப்போதுதான் எல்லாம் வெளியே வரும்.

கேமரா பார்த்தது

அடுத்த வெள்ளிக்கிழமை, என் பழைய கைப்பேசியை மின்னூட்டியோடு இணைத்துத் தொட்டிக்கு எதிரே நிறுத்தினோம். சில நொடிகளுக்கு ஒரு படம் எடுக்கும்படி அமைத்தோம். இரவுக்கு ஒரு சிறு விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி வைத்தோம். கடல் உயிர்கள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. இருட்டென்று நினைத்து இயல்பாக நடமாடும். வெள்ளி மாலை எண்ணிக்கை நான்கு. திங்கள் காலை எண்ணிக்கை மூன்று. இப்போது எங்களிடம் சாட்சி இருந்தது.

படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தோம். ஞாயிறு காலை அந்த மெலிந்த மீன் மணலில் சாய்ந்து கிடக்கிறது. சிறிது நேரத்தில் துறவி நண்டு ஊர்ந்து வந்து தின்னத் தொடங்குகிறது. "நண்டுதான்! நண்டுதான் கொன்னுச்சு!" என்று வகுப்பே கத்தியது. இரவானதும் பாறை இடுக்கிலிருந்து முள்மயிர் நிறைந்த கடற்புழுக்கள் வெளிவந்து மிச்சத்தை இழுத்துச் சென்றன. பொழுது விடியும்போது மணல் சுத்தம்.

உடல் கிடைக்காத மர்மம் தீர்ந்தது. ஆனால் கொலை மர்மம்? படங்களைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னேன். நண்டு வருவதற்கு முன்பே மீன் அசைவற்றுக் கிடந்தது. பிணத்தின் அருகே நிற்கிறவனெல்லாம் கொலைகாரன் அல்ல. நண்டும் புழுவும் துப்புரவுத் தொழிலாளிகள். அவை இல்லாவிட்டால் அழுகிய உடல் அம்மோனியாவைப் பெருக்கி மற்ற மீன்களுக்கும் ஆபத்தாகியிருக்கும்.

இன்னும் பின்னோக்கிப் போனோம். சனிக்கிழமை முழுவதும் ஒரே காட்சி. உருவில் பெரிய குரோமிஸ், சிறியதைப் பாறையிலிருந்து துரத்துகிறது. அது குழாய் மூலைக்கு ஓடுகிறது. வெளியே வந்தால் மீண்டும் துரத்தல். இடையில் இருக்கும் மற்ற இரண்டும்கூட அதைக் கொத்துகின்றன. தொட்டிக்குள் ஓடுவதற்கு அதற்கு வேறு இடமே இல்லை.

கூட்டம் என்றால் நட்பு அல்ல

கம்பத்தில் தாத்தா பாட்டி வீட்டில் கோழி வளர்த்தால் கவனித்திருப்பீர்கள். தீனி போட்டதும் ஒரு கோழி எல்லாவற்றையும் கொத்தி விரட்டும். அடுத்தது, அதைத் தவிர மற்றவற்றை விரட்டும். கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெருப் எப்பே என்பவர் கோழிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1920களின் தொடக்கத்தில் இந்தக் 'கொத்து வரிசை'யை விவரித்தார். பல விலங்குக் கூட்டங்களில் இப்படிப்பட்ட படிநிலை உண்டு.

விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ், 1963-இல் வெளியிட்ட நூலில் பவளப்பாறை மீன்களைப் பற்றி எழுதினார். அவை வேற்றின மீன்களைவிடத் தம் இன மீன்களையே கடுமையாகத் தாக்குகின்றன என்பது அவர் கண்டது. காரணம் எளிது. ஒரே உணவு, ஒரே ஒளிவிடம், ஒரே இணை ஆகியவற்றுக்குப் போட்டியிடுவது தன் இனம்தானே! கோமாளி மீனும் குரோமிசும் சேர்ந்த குடும்பம் இந்தச் சண்டைக் குணத்திற்குப் பெயர் போனது. குரோமிஸ் அதில் சாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான்.

அப்படியானால் கடலில் மட்டும் ஏன் நூற்றுக்கணக்கில் ஒற்றுமையாக வாழ்கின்றன? 1971-இல் வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் 'தன்னல மந்தை' என்ற கருத்தை முன்வைத்தார். தனியே இருந்தால் வேட்டையாடும் மீன் என்னைத்தான் தின்னும். நூறு பேரோடு இருந்தால் என்மேல் பாயும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. எனவே ஒவ்வொரு மீனும் மற்றவற்றின் மறைவைத் தேடுகிறது, கூட்டம் உண்டாகிறது. கூட்டத்தைச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் அன்பு அல்ல, அச்சம்.

எங்கள் தொட்டியில் வேட்டை மீன் இல்லை. முதல் மூன்று வாரம் புது இடத்து அச்சத்தில் ஏழும் ஒட்டி வாழ்ந்தன. பயம் தெளிந்ததும் ஒன்றாக இருக்கும் தேவை போனது; இடத்துக்கான போட்டி தொடங்கியது. கடலில் துரத்தப்பட்ட மீன் அடுத்த பவளத்துக்குப் போய்விடும். 90 சென்டிமீட்டர் பெட்டியில் எங்கே போகும்? ஓடி ஓடிக் களைக்கும், தின்ன முடியாது, மெலியும், சாகும்.

அது செத்தவுடன் சண்டை ஓயாது. அதற்கு மேலிருந்தது இப்போது கடைசி ஆகிறது. முன்பு ஆறு மீன்களிடையே பகிரப்பட்ட துரத்தல், பிறகு ஐந்து, பிறகு நான்கு மீன்கள்மேல் விழுகிறது. அதனால்தான் முதல் இரண்டு இறப்புக்கும் இடையே இரண்டு வாரம். அதன்பின் வாரம் ஒன்று.

தீர்வு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

குரோமிஸ் கடலில் நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்னும். நாங்களோ ஒரு நாளைக்கு ஒருமுறை போட்டோம். வெள்ளி நண்பகலுக்குப் பிறகு திங்கள் காலைதான் அடுத்த வேளை. பசி சண்டையைக் கூட்டியிருக்கும் என்று கருதுகோள் எழுதினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஆகவே முதலில் உணவை மட்டும் மாற்றினோம். தானியங்கி உணவூட்டி ஒன்று வாங்கி, வார இறுதி உட்பட நாளைக்கு மூன்று வேளை சிறிதளவு விழும்படி வைத்தோம். பத்து நிமிடத்தில் எத்தனை துரத்தல் என்று தினமும் எண்ணினோம். இரண்டு வாரத்தில் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. ஆனால் நிற்கவில்லை.

அடுத்து, பாறைகளை இடம் மாற்றி அடுக்கி, கிளைகள் கொண்ட செயற்கைப் பவளம் இரண்டை இரு முனைகளில் வைத்தோம். ஒரு மீன் நின்ற இடத்திலிருந்து மற்றொன்று கண்ணில் படாதபடி மறைப்புகள் உண்டாயின. பழைய எல்லைகளும் கலைந்தன. மூன்றாவதாக, மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி வைத்தோம். ஆவியாதல் வெப்பத்தை எடுத்துச் செல்லும்; நீர் இரண்டு பாகை குளிர்ந்தது. ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்ற வேண்டும், கடல்நீர் அல்ல; உப்பு ஆவியாகாது அல்லவா?

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று மீன்களும் உயிரோடு இருக்கின்றன. ஒரு தொட்டியில் கண்டதை வைத்து எல்லாத் தொட்டிக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் தொட்டியில் யூரோநீமாவோ அம்மோனியாவோ குற்றவாளியாக இருக்கலாம். ஆனால் தேடும் முறை ஒன்றுதான்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் மீன் குறைந்தால்

1. தினமும் எண்ணி எழுதுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்பது தகவல் அல்ல. 'ஏழு' என்பது தகவல்.

2. எல்லா இனமும் பாதிக்கப்பட்டால் தண்ணீரையும் ஆக்சிஜனையும் முதலில் பாருங்கள். ஒரே இனம் ஒவ்வொன்றாகக் குறைந்தால் சண்டை, பசி, நோய் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. வால், துடுப்பு, வயிறு, பக்கவாட்டுத் தோல் நான்கையும் கவனியுங்கள். கிழிந்த துடுப்பும் ஒட்டிய வயிறும் சண்டையைக் காட்டும். சிவந்த புண் நோயைக் காட்டும்.

4. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து ஊற்றாதீர்கள். செப்பு கலந்த மருந்து நண்டையும் இறாலையும் கொன்றுவிடும்.

5. புது மீனை வேறு தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

6. புண்ணோடு தொட்டி நீரில் கை விடாதீர்கள். கடற்புழுவை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் முள்மயிர் தோலில் ஏறிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்: இந்த மீன் கடலில் எப்படி வாழ்கிறது? அந்தக் கேள்வியை நான் கடையில் கேட்டிருந்தால் 182 லிட்டரில் ஏழு குரோமிசை விட்டிருக்க மாட்டேன். நான்கு மீன்களின் இறப்புக்கு முதல் பொறுப்பு எனக்குத்தான்.

புதிதாக நான்கு மீன் வாங்கலாமா என்று சென்ற மாதம் கழகத்தில் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றே பெரும்பாலோர் கை தூக்கினார்கள். அந்தப் பணத்தில் ஆக்சிஜன் அளவி வாங்கப் போகிறோம். குறிப்பேடு இப்போது அந்த மாணவியின் பொறுப்பில் இருக்கிறது. இன்று காலை அவள் எழுதிய வரி: 'குரோமிஸ் 3, கோமாளி 2, நண்டு 1. எல்லாம் இருக்கின்றன.'